தங்கத்துக்குப் பிறகும் தாண்டியவர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி. இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு நேராக ஏறும் சாலை எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தச் சாலை மூடிவிட்டால், போலீஸ்காரர் கை காட்டித் திருப்பிவிடும் வழி இன்னொன்று. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறிப் போகும் பாதை. அந்தப் பாதையில் வருகிற ஊர்தான் கொட்டச்சேடு. காபிச் செடி, சில்வர் ஓக் மரம், அதில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, தேக்கு மரங்கள், குளிர் காற்று. எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று: சமதளம். மலையில் ஒரு வீட்டுக்கு இடம் எடுக்கவே ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் கல் கட்ட வேண்டும். அப்புறம் பிள்ளைகள் ஓடி விளையாட மைதானத்துக்கு எங்கே போவது?

அதே சேர்வராயன் மலையை விட்டு இறங்கி, ஓமலூரைத் தாண்டித் தீவட்டிப்பட்டி பக்கம் போனால் பெரியவடகம்பட்டி. அங்கே சமதளத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த ஊரில் 1995 ஜூன் 28 அன்று பிறந்த ஒரு பையனுக்கு, சமதளத்தில் நடப்பதே பிறகு பெரிய வேலையாகிப் போனது. அவர்தான் மாரியப்பன் தங்கவேலு.

2016-ல் ரியோவில் அவர் தங்கம் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் இருக்கும் போனில் பெயரைத் தட்டினால் படம் வந்து நிற்கும். ஆனால் அந்த ஒரு நாளோடு அவர் கதை முடியவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் என்ன செய்தார் என்பதில்தான் பெரிய பாடம் இருக்கிறது.

ஐந்து வயதில் நின்றுபோன கால்

ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு பேருந்து மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. உயிர் பிழைத்தார். அந்தக் கால் மட்டும் அந்த வயதோடு வளர்ச்சி நின்றுபோனது. உடம்பு வளர்ந்தது, இடது கால் வளர்ந்தது, வலது கால் வளரவில்லை.

அம்மா சரோஜா செங்கல் சுமக்கும் கூலி வேலைக்குப் போனவர். பிறகு காய்கறி விற்றார். ஒரு நாள் வருமானம் நூறு ரூபாய் என்ற அளவில் இருந்த வீடு அது. பையனின் சிகிச்சைக்கு மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். ரியோவில் மகன் தங்கம் வாங்கிய நாளிலும் அந்தக் கடன் முழுதாக அடையவில்லை. நூறு ரூபாய் வருமானத்தில் மூன்று லட்சம் என்றால், சாப்பிடாமல் சேர்த்தாலும் மூவாயிரம் நாள். இதைப் படிக்கிற எந்தத் தாய்க்கும் அந்தக் கணக்கின் கனம் தெரியும்.

பள்ளியில் மாரியப்பனுக்கு முதலில் பிடித்தது கைப்பந்து. அவர் எகிறுவதைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர்தான், "உயரம் தாண்டிப் பார்" என்று திருப்பிவிட்டார். பதினான்கு வயதில் முதல் போட்டி. எதிரில் நின்றவர்கள் எல்லோருக்கும் இரண்டு கால்களும் நன்றாக இருந்தன. மாரியப்பன் இரண்டாவதாக வந்தார்.

இந்த இடத்தில் ஆசிரியருக்கு ஒரு வணக்கம் போடத்தான் வேண்டும். கால் ஊனமான பையனை ஓரமாக உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்வது எளிது. பல பள்ளிகளில் இன்றும் அதுதான் நடக்கிறது. அவனிடம் என்ன இல்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவராவது வேண்டும்.

காலையில் பேப்பர், பகலில் சித்தாள் வேலை

2013-ல் தேசிய பாரா தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரைக் கவனித்தார். 2015-ல் பெங்களூருக்கு அழைத்துப் போய் முறையான பயிற்சி தொடங்கினார். இதற்கு நடுவில் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்து பி.பி.ஏ. முடித்தார் மாரியப்பன்.

படித்துக்கொண்டே சம்பாதிக்கவும் வேண்டும். விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டார். பிறகு கட்டட வேலைக்குப் போனார். நாள் கூலி இருநூறு ரூபாய். நசுங்கிய காலோடு மணலும் ஜல்லியும் சுமந்த உடம்புதான் சாயங்காலம் கம்பியைத் தாண்டப் பழகியது.

உயரம் தாண்டுதல் என்பது பார்க்க எளிதான விளையாட்டு. ஓடி வர வேண்டும், ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும், கம்பியைத் தட்டாமல் அந்தப் பக்கம் விழ வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி முதுகைக் கம்பிக்குக் காட்டி, தலை முதலில் போகும்படி தாண்டித் தங்கம் வாங்கினார். அன்றிலிருந்து உலகமே அப்படித்தான் தாண்டுகிறது. ஆனால் முதுகில் விழ வேண்டுமானால் கீழே கனமான மெத்தை வேண்டும். நம்மூர்ப் பள்ளிகள் பலவற்றில் இருப்பது மணல் குழி. மணலில் முதுகடித்து விழுந்தால் பையன் மறுநாள் எழுந்திருக்க மாட்டான். ஆகவே கிராமத்துப் பிள்ளைகள் கத்தரிக்கோல் மாதிரி காலை வீசித் தாண்டிப் பழகிவிடுகிறார்கள். அது ஓரளவு உயரத்துக்கு மேல் கைகொடுக்காது. திறமை இருந்தும் மெத்தை இல்லாததால் நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ!

1.89

2016 மார்ச். துனிசியாவில் ஒரு போட்டி. ரியோ பாராலிம்பிக்குக்குத் தகுதி பெற 1.60 மீட்டர் போதும். மாரியப்பன் 1.78 மீட்டர் தாண்டினார். பாரா தடகளத்தைத் தொடர்ந்து கவனிக்கிறவர்களுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. ஏனென்றால் நான்கு வருடம் முன்பு லண்டன் பாராலிம்பிக்கில், இதே பிரிவில் கர்நாடகத்தின் கிரீஷா வெள்ளி வாங்கிய உயரம் 1.74 தான். அந்த முறை இந்தியா முழுவதற்கும் கிடைத்த ஒரே பதக்கமும் அதுவே.

செப்டம்பர் 10, சனிக்கிழமை. சேலம் மாவட்டம் விடிந்து எழுந்தபோது செய்தி வந்திருந்தது. 1.89 மீட்டர், தங்கம். அமெரிக்காவின் சாம் க்ரூ, இந்தியாவின் வருண் சிங் பாட்டி இருவரும் 1.86. உயரம் ஒன்றேயானால் யார் குறைவாகத் தவறினார்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் க்ரூவுக்கு வெள்ளி, வருணுக்கு வெண்கலம். ஒரே மேடையில் இரண்டு இந்தியர்கள்.

1.89 மீட்டர் என்றால் ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே. நம் வீட்டு ஆண்களில் பெரும்பாலானோர் நிமிர்ந்தே அந்தக் கம்பிக்குக் கீழே நடந்து போய்விடலாம். அதன் மேலே போனவருக்கு ஒரு கால் ஐந்து வயதோடு நின்றுபோனது.

பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு அது மூன்றாவது தங்கம்தான். 1972-ல் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர், 2004-ல் ஈட்டி எறிதலில் தேவேந்திர ஜஜாரியா, அதன்பின் மாரியப்பன். தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. 2017-ல் பத்மஸ்ரீ வந்தது, அர்ஜுனா விருதும் வந்தது. அம்மாவுக்கு நிலம் வாங்கினார். தான் படித்த அரசுப் பள்ளிக்கும் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு தருவதாக அறிவித்தார்.

சினிமா என்றால் இங்கே 'சுபம்' போட்டுவிடுவார்கள்.

1.67

இரண்டே வருடம். 2018 அக்டோபர், ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டு. மாரியப்பனுக்கு வெண்கலம் கிடைத்தது. உயரம் 1.67 மீட்டர். ரியோவில் தாண்டியதைவிட 22 சென்டிமீட்டர் குறைவு. அதே போட்டியில் பீகாரைச் சேர்ந்த சரத் குமார் 1.90 தாண்டித் தங்கம் கொண்டுபோனார்.

பதக்கப் பட்டியலில் 'வெண்கலம்' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். தாண்டியவருக்கு அந்த 22 சென்டிமீட்டர் எப்படி இருந்திருக்கும்? நேற்று உலகத்தில் முதலாவது. இன்று தன் நாட்டுக்குள்ளேயே முதலாவது இல்லை. பாராட்டு விழாக்கள் நின்றுபோயிருக்கும். மேடையில் சால்வை போட்டவர்கள் அடுத்த சால்வையோடு வேறு மேடைக்குப் போயிருப்பார்கள். விளையாட்டுக்காரர்கள் பலர் காணாமல் போவது இந்த இடத்தில்தான். தோல்வியைவிட, ஒருமுறை வென்றுவிட்டோம் என்ற நினைப்புதான் அவர்களை வீட்டோடு உட்காரவைக்கிறது.

மாரியப்பன் உட்காரவில்லை. 2019 நவம்பரில் துபாயில் உலக சாம்பியன்ஷிப். 1.80, வெண்கலம். மறுபடியும் சரத் அவருக்கு மேலே, வெள்ளி. ஆனால் டோக்கியோவுக்கான இடம் உறுதியானது. 22 சென்டிமீட்டர் பள்ளத்தில் 13 சென்டிமீட்டர் மேலே வந்தாயிற்று. 2020-ல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னா கிடைத்தது.

நனைந்த காலுறை

கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன டோக்கியோ பாராலிம்பிக் 2021 ஆகஸ்டில் நடந்தது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடக்க வேண்டியவர் மாரியப்பன். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததும், இவரைத் தனிமைப்படுத்தினார்கள். கொடி வேறு ஒருவர் கைக்குப் போனது.

வாழ்நாளில் ஒருமுறை வருகிற கௌரவம் அது. கை நழுவியபின் போட்டிக்கு மனதைத் தயார் செய்ய வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று களத்துக்கு வந்தால், மழை. ஓடுபாதை ஈரம். காலுறை நனைந்து, காலை ஊன்றி எழும்புவதே சிரமமாக இருந்ததாகப் பின்னர் சொன்னார். 1.86 தாண்டினார். அடுத்து 1.88. மூன்று முயற்சியிலும் கம்பி விழுந்தது. சாம் க்ரூ தன் மூன்றாவது முயற்சியில் 1.88-ஐத் தாண்டிவிட்டார். மாரியப்பனுக்கு வெள்ளி, சரத் குமாருக்கு வெண்கலம்.

டோக்கியோவுக்குப் பிறகு தமிழக அரசு அவருக்கு டி.என்.பி.எல். நிறுவனத்தில் வேலை கொடுத்தது. காகிதம் தயாரிக்கும் அரசு நிறுவனம் அது. விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்ட பையனுக்குக் காகித ஆலையில் அதிகாரி வேலை!

எட்டு வருடம் கழித்து

2023 ஹாங்ஜோ ஆசிய பாரா விளையாட்டில் 1.80, வெள்ளி. தங்கம் வாங்கியவர் இன்னொரு இந்தியர், சைலேஷ் குமார், 1.82. கவனித்தால் ஒன்று புரியும். இந்த எட்டு வருடத்தில் மாரியப்பனை முந்தியவர்களில் பலர் இந்தியர்கள்தான். அவர் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள், அவரையே தாண்டிப் போனார்கள். ரியோவில் இந்தியாவுக்கு மொத்தம் 4 பதக்கம். டோக்கியோவில் 19. பாரிஸில் 29. கூட்டம் பெருகினால் முன்னால் நின்றவருக்கு நெருக்கடி வரத்தானே செய்யும்?

2024 மே மாதம், ஜப்பானின் கோபே நகரில் உலக சாம்பியன்ஷிப். மாரியப்பன் 1.88 தாண்டினார். தங்கம். ரியோவுக்குப் பிறகு உலக அளவில் அவர் தங்க மேடையில் நிற்க எட்டு வருடம் ஆகியிருந்தது. டோக்கியோவில் மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்ட அதே 1.88.

நான்கு மாதம் கழித்து பாரிஸ். செப்டம்பர் 3 இரவு. அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94 தாண்டிப் பாராலிம்பிக் சாதனையோடு தங்கம் எடுத்தார். சரத் குமார் 1.88, வெள்ளி. மாரியப்பன் 1.85, வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அன்று அவருக்கு வந்தது. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் அவர் வீட்டில் இருக்கின்றன.

"தங்கம் வாங்கினவர் வெள்ளிக்கு இறங்கி, வெண்கலத்துக்கு இறங்கிட்டாரே" என்று சொல்பவர்கள் உண்டு. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் வேறு கதை சொல்கிறது. 1.89, 1.86, 1.85. மூன்று பாராலிம்பிக்குக்கும் இடையே மொத்த வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர், இரண்டு விரற்கடை. இருபத்தோரு வயதிலும் இருபத்தொன்பது வயதிலும், அதே காலோடு, ஏறக்குறைய அதே உயரம். இறங்கியவர் அவரில்லை, சுற்றியிருந்த உலகம் ஏறியது. அந்த உலகத்தோடு கடைசிவரை மேடையில் நின்றதுதான் அவருடைய சாதனை.

மலைக்கு மலை

உலகத்தின் மறுகோடியில், ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஷின்டி என்று ஒரு ஆட்டம் உண்டு. வளைந்த மரக்கட்டையால் பந்தை அடிக்கும், ஹாக்கிக்குப் பங்காளி முறையான ஆட்டம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். கிங்குஸி, நியூட்டன்மோர் என்ற பக்கத்துப் பக்கத்துச் சிற்றூர்கள் அதில் பெரிய பெயர்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரம் முழுக்க ஒரு வேலை, சனிக்கிழமை ஆட்டம். கிங்குஸியின் ரொனால்ட் ராஸ் அப்படி ஆடியே ஆயிரம் கோலுக்கு மேல் அடித்தார். வெளியுலகுக்கு அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஊருக்கு ஒரு மைதானம், ஊருக்கு ஒரு கிளப், அப்பா ஆடிய கட்டையை மகன் எடுப்பான் என்ற வழக்கம் அங்கே இருக்கிறது. 1896-லிருந்து கோப்பைப் போட்டி நடக்கிறது.

சேர்வராயன் மலைக்கும் ஸ்காட்லாந்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் என்பார்கள். காபி வந்து சேர்ந்து வேரும் பிடித்தது. அந்த ஊர் மைதானமும் கிளப்பும் மட்டும் வந்து சேரவில்லை.

சேலம் மாவட்டத்தில் திறமைக்குக் குறைவில்லை. பெரியவடகம்பட்டியில் மாரியப்பன், சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜன். இருவருமே வசதியில்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள். இருவருக்கும் சரியான நேரத்தில் கை கொடுக்க ஒரு ஆள் கிடைத்தார். கிடைக்காதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

கொட்டச்சேட்டிலோ, வேறு எந்த மலையூரிலோ, கை கால் ஊனத்தோடோ பார்வைக் குறையோடோ ஒரு பிள்ளை இருந்தால், அந்த வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. பாரா விளையாட்டில் உடல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவு என்பதைப் போட்டி அதிகாரிகள் பரிசோதித்து முடிவு செய்வார்கள். அதற்கு முதலில் கையில் இருக்க வேண்டியது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அடுத்து, மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய் விசாரிக்க வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. பாரிஸ் பாட்மின்டனில் துளசிமதி, மனீஷா, நித்யஸ்ரீ என்று மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் பதக்கம் வாங்கினார்கள் என்பதையும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. அது தேவையும் இல்லை. விளையாட்டு பீரியட் மணி அடிக்கும்போது, அந்தப் பிள்ளையை ஸ்கோர் நோட்டோடு ஓரத்தில் உட்காரவைக்காமல் இருந்தால் போதும். பெரியவடகம்பட்டிப் பள்ளியில் ஒரு ஆசிரியர் அன்றைக்குச் செய்ததும் அவ்வளவுதான்.